டார்க்டேபிள் – கல்யாண போட்டோ கலர் கரெக்ஷனுக்கு ரெண்டு வருஷமா யூஸ் பண்றேன், என் ரிவ்யூ

ரெண்டு வருஷம் முன்னாடி ஆவணில திருவாரூர் பக்கம் ஒரு கல்யாணம் எடுத்தேன். ஆல்பம் ரெடியானதும் நானே வீட்டுக்கு கொண்டு போய் குடுத்தேன், எல்லாரும் சுத்தி உக்காந்து பக்கம் பக்கமா திருப்புறாங்க, பொண்ணோட அப்பாயி கண்ணாடிய மாட்டிக்கிட்டு தாலி கட்டுற பக்கத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு "ஏந் தம்பி, எம் பேத்தி இவ்ளோ வெளுப்பா, இது யாரோ மாதிரி இருக்கே"ன்னு கேட்டாங்க. சண்டைக்கெல்லாம் கேக்கல, நெஜமாவே புரியாம கேட்டாங்க. அந்தப் பொண்ணு நல்ல மாநிறம், நான் போட்டிருந்த ப்ரீசெட் (ஒரே க்ளிக்ல ஏறுற ரெடிமேட் கலர் செட்டிங்) முகத்த ரோஸாக்கி, அரக்கு கலர் கூரைப்புடவைய தக்காளிச் சிவப்பா மாத்தி வெச்சிருந்துச்சு. மத்தவங்க யாரும் ஒரு குறையும் சொல்லல, பணமும் முழுசா குடுத்துட்டாங்க, ஆனா எனக்கு மனசு ஆறல. அன்னிக்கு நைட்டு கும்பகோணம் வந்து சேந்ததுமே அந்த ரா ஃபைல் (கேமரா பதிஞ்சத அப்படியே வெச்சிருக்குற ஃபைல்) எல்லாத்தையும் திரும்ப தெறந்து பாத்தேன், கேமரா அந்தப் பொண்ணோட நெறத்த பத்திரமா தான் வெச்சிருந்துச்சு, மாத்தினது நான்.

அதுக்கப்புறம் தான் ப்ரீசெட்ட விட்டுட்டு கலர் பேலன்ஸ்னா என்னன்னு ஒழுங்கா கத்துக்கணும்னு உக்காந்தேன். நாலஞ்சு சாஃப்ட்வேர் பாத்துட்டு கடைசில டார்க்டேபிள்ல நின்னேன். ரெண்டு வருஷ முகூர்த்தம் பூரா அதுல தான் ஓடுது, அதனால இப்போ எழுதலாம்னு தோணுச்சு.

தெரியாதவங்களுக்கு: டார்க்டேபிள் ரா போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர், முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். 2009-ல ஆரம்பிச்சது, முதல்ல லினக்ஸ், மேக்னு இருந்துச்சு, 2017 கடைசில விண்டோஸுக்கும் வந்துடுச்சு. மாச சந்தா கிடையாது, வருஷ சந்தா கிடையாது. ரா ஃபைல தொடாம நீங்க பண்ற மாத்தம் எல்லாத்தையும் பக்கத்துலயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைல்ல எழுதி வெச்சுக்கும், அதனால எப்ப வேணா முதல் நிலைக்கு திரும்பிடலாம். அந்த சின்ன ஃபைலையும் சேத்து பேக்கப் எடுத்துக்குங்க, ரா மட்டும் காப்பி பண்ணிட்டு ஃபார்மேட் அடிச்சா நீங்க பண்ணின வேலை போயிடும்.

இதுல நான் உயிரா நெனைக்கிறது கலர் கேலிப்ரேஷன்ங்கிற மாட்யூல் (ஒரு தனி வேலைக்கான கருவி) தான், 2020 டிசம்பர்ல வந்த 3.4 வெர்ஷன்ல சேத்தாங்க. பழைய வழக்கப்படி பாத்தா வெள்ளைய வெள்ளையா காட்டுறதுக்கு வொயிட் பேலன்ஸ்னு ஒரு இடம், அதுல டெம்பரேச்சர், டின்ட்னு ரெண்டு ஸ்லைடர், அத இழுத்து இழுத்து கண்ணுக்கு சரியா படுற வரைக்கும் பாக்குறது. இங்க வொயிட் பேலன்ஸ் மாட்யூல கேமரா ரெஃபரன்ஸ்ல அப்படியே விட்டுடணும், மிச்ச வேலை எல்லாம் கலர் கேலிப்ரேஷன் பாத்துக்கும். ரெண்டுலயும் கைய வெச்சா ரெண்டு தடவ கரெக்ஷன் ஏறுதுன்னு அதுவே எச்சரிக்கை காட்டும். இது தெரியாம தான் நெறைய பேரு முதல் நாளே படம் நீலமா வருதுன்னு சொல்லி அன்இன்ஸ்டால் பண்ணிடுறாங்க.

நம்ம கண்ணு பண்ற வேலைய கணக்கா மாத்தி வெச்சது தான் இந்த மாட்யூல். சாயங்காலம் வெளக்கு வெச்ச ரூம்ல வெள்ளச் சட்டை மஞ்சளா தான் இருக்கும், ஆனா நம்ம மூளை அத வெள்ளைன்னே எடுத்துக்கும், கேமராவுக்கு அந்த மூளை கிடையாது. வெளிச்சத்தோட நெறத்த கெல்வின்ல அளப்பாங்க, கம்மியா இருந்தா மஞ்சள், கூடினா நீலம். அகல் விளக்கு, ஹோம நெருப்பு எல்லாம் சுமார் 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2800 பக்கம், மத்தியான வெயில் 5500, மர நிழல்ல 7000-க்கு மேல போகும். எந்த வெளிச்சத்துல எடுத்தோம்னு சாஃப்ட்வேருக்கு நாம சொன்னா அந்த வெளிச்சத்தோட சாயத்த அது கழிச்சுடும். இதுல புதுசா வர்ற தம்பிங்க குழம்புற இடம் ஒண்ணு இருக்கு, 1900 கெல்வின் வெளிச்சம் மஞ்சள் தானே, அப்ப ஸ்லைடர கீழ எறக்கினா படம் ஏன் நீலமாகுதுன்னு கேப்பாங்க. வெளிச்சம் மஞ்சளா இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க, அது மஞ்சள எடுத்துடுது, அவ்ளோ தான்.

சரி, எந்த வெளிச்சம்னு எப்படி சொல்றது? படத்துல சாம்பலாவோ வெள்ளையாவோ இருக்குற ஒரு எடத்த பிக்கரால (கலர தொட்டு எடுக்குற கருவி) கட்டம் போட்டு காட்டினா அதுவே கணக்கு போட்டுக்கும். இங்க தான் நம்ம ஊர்ல எல்லாரும் ஏமாறுற எடம், மாப்பிள்ளையோட வேட்டி. வேட்டி வெள்ளை தானேன்னு அதுல பிக்கர வைப்பாங்க. வீட்டுல தொவைச்ச வேட்டியா இருந்தா சொட்டு நீலம் போட்டிருப்பாங்க, கடை வேட்டியா இருந்தா வெள்ளையா பளிச்சுன்னு தெரியுறதுக்கு ஒரு கெமிக்கல் ஏத்தியிருப்பாங்க, அது வெயில்ல இருக்குற புற ஊதாவ வாங்கி நீலமா திருப்பி விடும். அதாவது வேட்டி நெஜமாவே லேசா நீலம். அந்த நீலத்த வெள்ளைன்னு சாஃப்ட்வேர்கிட்ட சொன்னா படம் பூரா மஞ்சளடிக்கும், மாப்பிள்ளைக்கு மஞ்சகாமாலை வந்த மாதிரி ஆயிடும். பட்டு வேட்டின்னா நேர் தலைகீழ், அது இயல்பாவே சந்தனம் கலந்த வெள்ளை, அதுல பிக்கர் வெச்சா முகம் நீலம் பாயும். தஞ்சாவூர்ல பெரிய கோயில் பின்னாடி நிக்க வெச்சு எடுத்த ப்ரீ வெட்டிங்ல, கல்லு தானே, சாம்பலா தானே இருக்கும்னு விமானத்துல வைக்கிறவங்களும் இருக்காங்க, அந்தக் கல்லுலயே செம்மண் சாயல் இருக்கு, அந்தச் சாயல எடுத்துட்டா அது பெரிய கோயிலே கிடையாது.

நான் பண்றது என்னன்னா கிரே கார்டுன்னு எந்தச் சாயமும் இல்லாத சாம்பல் அட்டை ஒண்ணு வாங்கி பையில வெச்சிருக்கேன், சில நூறு ரூபா தான். மணவறைக்கு ஒண்ணு, வாசல்ல மாப்பிள்ளை அழைப்புக்கு ஒண்ணு, பந்திக்கு ஒண்ணுன்னு லைட் மாறுற எடத்துலல்லாம் அசிஸ்டென்ட் தம்பி கையில கார்ட குடுத்து ஒரு படம் எடுத்துக்குவேன். அப்புறம் சிஸ்டம்ல அந்த கார்டு மேல பிக்கர் வெச்சு, வந்த கலர் கேலிப்ரேஷன மட்டும் காப்பி பண்ணி அந்த எடத்துல எடுத்த முன்னூறு படத்துக்கும் ஒரே தடவைல ஒட்டிடுவேன். கார்டு எடுக்க மறந்துட்டா அய்யரோட நெத்தில கெட்டியா பூசியிருக்குற விபூதி ஓரளவுக்கு கை குடுக்கும், மெல்லிசா இருந்தா வேலைக்காகாது, அடியில இருக்குற தோலோட நெறம் கலந்துடும்.

இப்ப மணவறைக்கு வர்றேன், ஏன்னா டெல்டா கல்யாண மண்டபத்துல எடுக்குற ஒவ்வொருத்தனுக்கும் தலைவலி அங்க தான். அஞ்சு மணி முகூர்த்தம்னு வைங்க, மேல ட்யூப் லைட், முன்னாடி வீடியோக்காரர் அண்ணனோட லைட்டு, நடுவுல ஹோமம், டெக்கரேஷன்காரங்க பின்னாடி வெச்ச ஊதா எல்இடி, பொழுது விடிய விடிய பக்கவாட்டு கதவு வழியா உள்ள வர்ற நீல வெளிச்சம், இத்தனையும் ஒரே ஃப்ரேம்ல விழும். ஒத்தை டெம்பரேச்சர் ஸ்லைடர வெச்சு இத சரி பண்ணவே முடியாது, மூஞ்சிய சரி பண்ணா செவுரு நீலமாகும், செவுர சரி பண்ணா மூஞ்சி ஆரஞ்சாகும். டார்க்டேபிள்ல கலர் கேலிப்ரேஷன எத்தனை தடவ வேணா சேத்துக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மாஸ்க் போட்டு, படத்துல எந்த எடத்துல மட்டும் வேலை செய்யணும்னு சொல்லலாம். நான் முதல் இன்ஸ்டன்ஸ மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரோட முகத்துக்கு செட் பண்ணிடுவேன், ரெண்டாவத கதவுப் பக்கம் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு அந்த நீலத்த மட்டும் குறைப்பேன், முழுசா எடுக்க மாட்டேன், விடிகாலை தெரியணும். ஹோம நெருப்போட மஞ்சள்ல கையே வைக்கிறதில்ல. நெருப்ப வெள்ளையாக்கின போட்டோவ நான் நெறைய பாத்துட்டேன், மனசு பதறும்.

ட்யூப் லைட் மண்டபத்துல முகத்துல ஒரு பச்சை ஏறும் பாருங்க, அது டெம்பரேச்சர்ல போகாது. அந்த லைட்டுல கலந்திருக்குற கலர்கள்ல பச்சை மட்டும் தூக்கலா இருக்கும், அதுக்கு மெஜெந்தா பக்கம் தள்ளணும். மத்த சாஃப்ட்வேர்ல டின்ட் ஸ்லைடர் அதுக்குத்தான். டார்க்டேபிள்ல ஃப்ளோரசன்ட், எல்இடி, டேலைட், பிளாக் பாடின்னு வெளிச்சத்தோட வகையவே தேர்ந்தெடுக்கலாம், அதுல எதுலயும் அடங்கலன்னா கெல்வின் நம்பர் பக்கத்துல இன்வேலிட்னு காட்டும். அப்ப கஸ்டம் போட்டு ஹ்யூ (எந்த நெறம்), குரோமா (எவ்ளோ அழுத்தம்) ரெண்டையும் கையால நகத்தணும். ஊதா எல்இடி மூஞ்சில நேரா அடிச்சு திட்டுத்திட்டா ஊதாப் பூசின மாதிரி வர்ற படங்களுக்கு கேமட் கம்ப்ரஷன்னு ஒரு ஸ்லைடர் அதே மாட்யூல்ல இருக்கு, அத ஏத்தினா அந்தத் திட்டு கரைஞ்சு கொஞ்சம் பதமா வரும். ரிசப்ஷன் படங்கள் எனக்கு இதுல பாதி பொழைச்சிருக்கு.

இன்னொரு வேலை, புடவை. திருபுவனத்துல ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு வாட்ஸப் வியாபாரத்துக்காக புடவை படம் எடுத்துக் குடுக்குறேன். முதல் தடவ அனுப்பினப்ப அந்த அண்ணன் போன் பண்ணி "தம்பி, இது என் அரக்கு கெடையாது, இந்தக் கலர்ல நான் சாயமே போடல, இத நம்பி வாங்குறவங்க திருப்பி அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்"னு சொன்னாரு. நேர்ல போயி புடவைய ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு, மானிட்டர்ல படத்த வெச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்து சரி பண்ணினோம். கலர் செக்கர்னு 24 கட்டம் போட்ட ஒரு அட்டை இருக்கு, அத புடவையோட வெச்சு எடுத்தா டார்க்டேபிள் அந்த 24 கட்டத்தையும் அளந்து அந்த வெளிச்சத்துக்கு, அந்த கேமராவுக்குன்னு ஒரு கரெக்ஷன தானே போட்டுக்கும். மாம்பழ மஞ்சள், அரக்கு, பாசிப்பச்சை எல்லாம் இதுக்கப்புறம் கச்சிதமா வருது. மயில் கழுத்து கலருக்கு மட்டும் எந்த சாஃப்ட்வேரும் ஒண்ணும் பண்ண முடியாது, ஊடுக்கு ஒரு நூல் பாவுக்கு ஒரு நூல்னு நெய்யுறதால திருப்புற பக்கத்துக்கு கலர் மாறும், அதுக்கு மூணு கோணத்துல மூணு படம் போடுறது தான் நியாயம்.

ஏரியா மேப்பிங்னு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஒரு படத்துல பொண்ணோட கன்னத்துல கட்டம் போட்டு அளந்து வெச்சுக்கிட்டா, வேற லைட்ல எடுத்த இன்னொரு படத்துல அதே கன்னத்த காட்டி அந்த நெறத்துக்கே கொண்டு வான்னு சொல்லலாம். ஆல்பத்துல எதிரெதிர் பக்கத்துல வர்ற படங்களுக்கு இது பெரிய ஒதவி. ஒரு பக்கத்துல மாநிறம், எதிர்ப் பக்கத்துல ரோஸ்னு வந்தா பாக்குறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாது, ஆனா உறுத்தும்.

எதுக்கு ஆகாதுன்னும் சொல்லணும். பழைய அக்ரஹாரத் தெருவுல சோடியம் லைட்டு இருந்த காலத்துல எடுத்த சாமி புறப்பாடு படங்கள் என்கிட்ட நெறைய இருக்கு. அந்த லைட்டோட வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சள் ஆரஞ்சுல ஒரு சின்ன எடத்துலயே குவிஞ்சிருக்கும், சாமிக்கு சாத்தின பச்சைப் பட்டுல பட்டு திரும்பி வர பச்சை வெளிச்சம் அங்க கிட்டத்தட்ட இருந்திருக்காது. இல்லாத கலர எங்கேருந்து கொண்டு வர்றது, அதெல்லாம் பிளாக் அண்ட் வொயிட்டா மாத்திட்டேன். ஜேபெக் படத்துலயும் எதிர்பார்ப்ப கொறைச்சுக்கணும். 2016 மகாமகத்துக்கு நான் கார்டுல எடம் பத்தாம போயிடுமோன்னு பயந்து முழுக்க ஜேபெக்ல எடுத்தேன், ஒவ்வொரு கலருக்கும் 256 படி தான், வொயிட் பேலன்ஸ் எல்லாம் உள்ளயே வெந்து போயிருக்கும். 14 பிட் ரால 16,384 படி இருக்கும், இழுக்க எடமிருக்கு. குளத்தங்கரைல எடுத்த அந்தப் படங்கள்ல லேசான நீலத்த எடுக்க முடிஞ்சுது, அதுக்கு மேல இழுத்தா வானத்துல பட்டை பட்டையா கோடு விழுது. அடுத்த மகாமகம் 2028-ல, அப்ப ரால தான் எடுப்பேன். டெல்டால சம்பா வயல்ல நிக்க வெச்சு எடுக்குற படத்துல ஆட்டோவ நம்பாதீங்க, படத்தோட சராசரி சாம்பல்னு நெனச்சு கணக்கு போடுற எந்த ஆட்டோவா இருந்தாலும் ஃப்ரேம் பூரா பச்சைய பாத்ததும் பதறிப் போயி மெஜெந்தாவ கொட்டிடும். அதோட வயல்லேருந்து மேல எழும்புற பச்சை வெளிச்சம் தாடைக்கு கீழ நெஜமாவே விழும், அத அங்க மட்டும் மாஸ்க் போட்டு எறக்கணும்.

கஷ்டம்னு பாத்தா கத்துக்குற நாள் தான். மாட்யூல்கள் எண்ணி முடியாது, முதல் மாசம் எங்க என்ன இருக்குன்னே புடிபடாது, நான் ஒரு காகிதத்துல கலர் கேலிப்ரேஷன், எக்ஸ்போஷர், ஃபில்மிக், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபின்னு நாலு பேர எழுதி மானிட்டர்ல ஒட்டி வெச்சு அத மட்டும் ரெண்டு மாசம் பழகினேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய சிஸ்டம்ல மாஸ்க் ரெண்டு மூணு ஏறினா திணறும், 16 ஜிபி ராமும் ஒரு சுமாரான கார்டும் இருந்தா நிம்மதி. போன்ல மட்டும் எடிட் பண்றவங்களுக்கு இது சரிப்படாது, கம்ப்யூட்டர் வேணும். அவங்களுக்கு ஸ்னாப்சீட்ல இருக்குற வொயிட் பேலன்ஸ் போதும்.

ஆனா எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் மானிட்டரும் ரூமும் சரியில்லன்னா எல்லாம் வீண். என் ஸ்டுடியோ செவுரு ரோஸ் கலர்ல இருந்துச்சு, பின்னாடி ஜன்னல் வழியா சாயங்கால வெயில் உள்ள வந்து அந்தச் செவுத்துல பட்டு மானிட்டர்ல அடிக்கும், அந்த ரோஸ் படத்துலயே இருக்குன்னு நெனச்சு நான் பச்சைய ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன். வெளிறின சாம்பல் கலர் அடிச்சேன், தெரை போட்டேன், நண்பர்கிட்ட கேலிப்ரேட்டர் (மானிட்டரோட கலர அளக்குற கருவி) வாங்கி மானிட்டர 6500 கெல்வினுக்கு கொண்டு வந்தேன். டார்க்டேபிள்ல Ctrl+B அழுத்தினா படத்த சுத்தி வெள்ளை பார்டரும் அதுக்கு வெளிய நடுத்தர சாம்பலும் வந்து நிக்கும், கலர் பாக்குறப்ப அத போட்டுக்கிட்டு தான் பாக்கணும், கறுப்பு பின்னணில பாத்தா ஏமாந்துடுவோம். பிரிண்ட் விஷயத்துல எனக்கு ஒரு லேப்ல அடி விழுந்துச்சு, நான் அனுப்பின ஃபைல அவங்க பக்கத்துல ஆட்டோ கரெக்ஷன் போட்டு அடிச்சு நாப்பது பக்கமும் மஞ்சளா வந்துடுச்சு. இப்பல்லாம் எஸ்ஆர்ஜிபில (sRGB, எல்லா எடத்துலயும் பொதுவா யூஸ் பண்ற கலர் முறை) எக்ஸ்போர்ட் பண்ணி, கரெக்ஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்து, முதல்ல ஒரு பக்கம் மட்டும் அடிச்சு பாத்துட்டு தான் மிச்சத்துக்கு சரின்னு சொல்றேன்.

கடைசியா ஒரு விஷயம், இத எழுத உக்காந்ததே இதுக்காகத் தான். கல்யாண வீட்டுல பொண்ணோட அம்மாவோ அத்தையோ வந்து "தம்பி, பொண்ண கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க"ன்னு கேக்காத கல்யாணமே இல்ல. நம்ம பேச்சுல கலர்னாலே வெளுப்புன்னு அர்த்தமாயிடுச்சு. முன்னாடி நானும் சரிங்கம்மான்னு ஹைலைட்ட ஏத்தி ஆரஞ்ச வெளுத்து குடுத்துட்டு வந்துடுவேன். இப்ப அப்படி பண்றதில்ல. வெளுத்தது ஒண்ணு, சரியான நெறத்துல ஒண்ணுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டுறேன், சரியானதுல நகையோட தங்கம் தங்கமா இருக்கும், மல்லிப்பூ வெள்ளையா இருக்கும், மருதாணி செவப்பா இருக்கும், கன்னத்துல மஞ்சப் பூசின பளபளப்பு தெரியும், கருத்த தோல்ல வெளிச்சம் விழுற அழகு தெரியும். பெரும்பாலான வீட்டுல பேசாம அதையே எடுத்துக்குறாங்க, சில வீட்டுல இன்னும் வெளுத்தது தான் வேணும்ங்குறாங்க, அப்ப நான் எக்ஸ்போஷர லேசா ஏத்திக் குடுப்பேன், நெறத்த மாத்திக் குடுக்க மாட்டேன்னு சொல்லிடுறேன். அதனால ஒரு ஆர்டர் போச்சு, போகட்டும்.

திருவாரூர் வீட்டு ஆல்பத்த என் செலவுல திரும்ப அடிச்சு குடுத்தேன். அப்பாயி தாலி கட்டுற பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடிய கழட்டி முந்தானைல தொடைச்சுட்டு மறுபடி போட்டு பாத்தாங்க, "இப்ப தான் எம் பேத்தி இதுல இருக்கா"ன்னாங்க.

புதுசா ஆரம்பிக்கிற தம்பிங்களா, நீங்க எடுத்த ஒரு பழைய கல்யாண ஃபோல்டர எடுத்து, ஒரே ஒரு முகத்துல இருந்து தொடங்குங்க, எந்த மண்டபம், என்ன லைட்டுன்னு கீழ கேட்டா எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.